அப்பாவுக்குக் கோபமே இல்லை

எங்கள் அப்பாவுக்குக் கோபம் வராது என்பது செலியமேட்டில் எல்லோருக்கும் தெரியும். வாய்க்கால் தண்ணீருக்காகக் கூடப்பிறந்தவர்களே மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு எதிரெதிரே நின்ற ஊர் அது. ஒரு தடவை பக்கத்துக் கழனிக்காரர் எங்கள் மடையை அடைத்துத் தன் மடையைத் திறந்துகொண்டார். அப்பா வரப்பில் உட்கார்ந்து, அந்த ஆள் பாய்ச்சி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, அப்புறம் எழுந்து போய்த் தன் மடையைத் திறந்தார். இதைச் சிலர் பொறுமை என்றார்கள். சிலர் வேறு விதமாகவும் சொன்னார்கள். எட்டு வயதில் நான் பொறுமை என்று சொன்னவர்களின் கட்சி.

அம்மா நேர் எதிர். கரையாம்புத்தூரில் பிறந்தவள். காலையில் வாசல் தெளிக்கும்போது அவள் குரல் ஆரம்பித்தால் கோழி கூவியது யார் காதிலும் விழாது. கோபம் வந்த வேகத்திலேயே போய்விடும். என் முதுகில் ஒன்று வைத்துவிட்டு அதே கையால் எனக்கு எண்ணெய் தேய்த்துவிடுவாள். அழுகையும் அப்படித்தான், சிரிப்பும் அப்படித்தான். எல்லாமே வெளியே தெரிந்துவிடும். அப்பாவுக்கு என்ன இருந்தாலும் உள்ளே. உள்ளே ஏதாவது இருக்கிறதா என்பதே எங்களுக்குத் தெரியாது.

இந்த இருவருக்கும் நடுவில் நான் இருந்தேன். எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் புருஷனும் பெண்டாட்டியும் நாலு பேர் எதிரில் முகம் பார்த்துப் பேசிக்கொள்ள மாட்டார்கள். நடுவில் ஒரு பிள்ளை வேண்டும். “உங்கப்பாவ சாப்புட வரச் சொல்லு” என்று அம்மா என்னிடம் சொல்வாள். அப்பா ஆறடி தள்ளி உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டுதான் இருப்பார். “வரேன்னு சொல்லு” என்பார் என்னிடம். நான் திரும்பி, “வராராம்” என்பேன். நாலு பேர் இல்லாதபோதும் எங்கள் வீட்டில் இதே பழக்கம் தொடர்ந்தது. ஐந்து வயதிலிருந்து இந்த உத்தியோகம் பார்த்தேன். தபால்காரருக்காவது ஞாயிற்றுக்கிழமை விடுமுறை உண்டு.

எங்களோடு அத்தையும் இருந்தாள். அப்பாவின் அக்கா. புருஷன் போனபிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். “எந் தம்பி தங்கம். இவ பேசுற பேச்சுக்கு வேற எவனா இருந்தா பல்ல ஒடச்சிருப்பான்” என்று வாரத்துக்கு இரண்டு தடவையாவது சொல்வாள். பல்லை உடைக்காததே ஒரு புருஷனின் பெரிய குணம் என்று நானும் நம்பியிருந்தேன்.

அந்த வருஷம் ஐப்பசி மழையில் என் தம்பி செத்துப்போனான். மூன்று மாதக் குழந்தை. மேரி என்கிற பிரெஞ்சு நகராட்சி ஆபீஸில் எழுதிய பேர் ஒன்று அவனுக்கு இருந்தது. யாரும் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை, பெற்றவர்கள்கூடத் தம்பி என்றுதான் கூப்பிட்டார்கள். இரண்டு நாள் காய்ச்சல். மூன்றாம் நாள் விடியும்போது முடிந்துவிட்டது. அப்பா அவனைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்ப் புதைத்தார். பிரெஞ்சுக்காரன் ஆட்சியில் பிறப்பானாலும் சாவானாலும் மேரியில் போய்ச் சொல்லி எழுதிவைக்க வேண்டும். அதனால் அங்கிருந்து அப்படியே பாகூருக்கு நடந்து போய் அதையும் எழுதிவைத்தார். திரும்பி வரும் வழியில் கழனியில் வெள்ளம் கட்டி நிற்பதைப் பார்த்து, இறங்கி வரப்பை வெட்டித் தண்ணீரை வடியவிட்டார். பொழுது சாயும்போது வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுச் சாப்பிட்டார்.

அம்மா மூன்று நாள் எதுவும் சாப்பிடவில்லை. தெருவே கேட்கும்படி கத்தி அழுதாள். அப்பாவின் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. “மனச தேத்திக்கச் சொல்லும்மா” என்று என்னிடம் சொன்னார். நான் அம்மாவிடம் போய், “மனச தேத்திக்கணுமாம்” என்றேன். அம்மா அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சேதி வேலை செய்துவிட்டது என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு அம்மாவின் கோபம் ஒரு தினுசாக மாறிப்போயிற்று. முன்பெல்லாம் காரணம் வந்து கோபம் வரும். இப்போது கோபத்துக்காகக் காரணம் தேடினாள். ஒருநாள் குழம்பில் உப்பே போடவில்லை. மறுநாள் இரண்டு பங்கு போட்டாள். இரண்டையும் அப்பா ஒரே மாதிரி சாப்பிட்டுவிட்டு எழுந்தார். அவருடைய வேட்டியைத் துவைக்காமல் ஒரு வாரம் போட்டு வைத்தாள். அவர் அதைத் தானே எடுத்துப்போய் வாய்க்காலில் அலசிக்கொண்டு வந்தார். அத்தை கொதித்துப்போனாள். அம்மாவுக்கு மறதி வந்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

மாசியில் கரும்பு வெட்டி ஆலை ஆடினோம். கரும்புக் கொல்லையிலேயே ஆலை. மாடுகள் சுற்றிச் சுற்றி வர உருளைகளுக்கு நடுவில் கரும்பு நசுங்கும். வழியும் சாற்றைப் பெரிய இரும்புக் கொப்பரையில் ஊற்றி, காய்ந்த சக்கையை எரித்துக் காய்ச்சுவார்கள். பாகு பதத்துக்கு வந்ததும் உடனே இறக்கிவிட வேண்டும். கொஞ்சம் முந்தினால் வெல்லம் இளகும், கொஞ்சம் பிந்தினால் கருகிக் கசக்கும். அந்தக் கொஞ்ச நேரத்தைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவள் அம்மா. அவளைப் பெற்றவர் கரையாம்புத்தூரில் பேர்போன பாகு காய்ச்சி. மகளுக்கும் அந்த மூக்கு வாய்த்திருந்தது. பெண்பிள்ளை பதம் பார்ப்பதா என்று முதலில் முணுமுணுத்தவர்களே பிறகு தங்கள் கொப்பரைக்கும் அவளைக் கூப்பிட்டார்கள். ஆலை ஆடும் நாட்களில் மட்டும் அப்பாவும் அம்மாவும் நான் இல்லாமலே பேசிக்கொள்வார்கள். “எறக்கலாமா?” என்று அவர் கேட்பார். “எறக்குங்க” என்பாள் அவள். அவ்வளவுதான் பேச்சு. ஆனாலும் அந்த நாட்களில் எனக்கு ஓய்வு.

அன்றைக்குக் காலையில் கரும்புக் கட்டுகளுக்குக் கயிறு போதவில்லை. அப்பா வீட்டுக்கு வந்து அங்கேயும் இங்கேயும் தேடினார். எங்கள் வீட்டு உத்திரத்தில் தம்பியைத் தூங்கவைத்த சேலை ஏணையின் கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. சேலையை அம்மா எப்போதோ எடுத்து மடித்து வைத்துவிட்டாள். கயிற்றை மட்டும் அவிழ்க்கவில்லை, யாரையும் அவிழ்க்கவும் விடவில்லை. அப்பா உரலின்மேல் ஏறி நின்று அதை அவிழ்த்து, தோளில் போட்டுக்கொண்டு போனார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். யோசிக்காமல் செய்தாரா, அந்தக் கயிறு தினமும் கண்ணில் படுவது தாங்காமல் செய்தாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

மத்தியானம் கொப்பரை அருகில் நின்ற அம்மா, சுமந்து வந்து போட்ட கட்டு ஒன்றில் அந்தக் கயிற்றைப் பார்த்துவிட்டாள். ஒன்றும் சொல்லவில்லை. அம்மா ஒன்றும் சொல்லாமல் இருந்ததை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பாகு கொதித்துக்கொண்டிருந்தது. வாசனை மாறியது எனக்கே தெரிந்தது. தீ தள்ளிக்கொண்டிருந்த ஆள் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். “எறக்கலாமா?” என்று அப்பா ஆலைப் பக்கமிருந்து கேட்டார். அம்மா துடுப்பைக் கையில் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் மறுபடி கேட்டார். கொப்பரையிலிருந்து கறுப்பாகப் புகை எழும்பியது. எல்லோரும் ஓடிவந்தார்கள். இறக்கும்போது அது வெல்லமாக இல்லை, அடுப்புக்கரி மாதிரி இருந்தது. ஒரு கொப்பரை வெல்லம், மூன்று நாள் வெட்டிய கரும்பு.

இப்போதாவது அடி விழும் என்று நினைத்தேன். கூடியிருந்த எல்லோரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள் என்பது அவர்கள் நின்ற நிலையிலேயே தெரிந்தது. அப்பா வந்து கொப்பரையை எட்டிப் பார்த்தார். “சரி வுடுங்க. ஆறுனதும் சொரண்டிக்கலாம்” என்று ஆட்களிடம் சொன்னார்.

அப்போதுதான் அம்மா அந்தக் காரியத்தைச் செய்தாள். அத்தனை பேர் எதிரில், நடுவில் என்னை வைத்துக்கொள்ளாமல், நேராக அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பேசினாள். “என்னத் திட்டுங்க” என்றாள். “ஒரு வார்த்த திட்டுங்க. நான் வேணும்னுதான் தீய வுட்டேன்.”

அப்பா அவளைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். “உங்கம்மாவ வூட்டுக்குப் போயி செத்த படுக்கச் சொல்லு. அனல்ல நின்னு ஒடம்பு சூடாயிருக்கும்” என்றார்.

நான் அம்மாவிடம் போய் அதை அப்படியே சொன்னேன். அந்த நிமிஷத்தில் அப்பாவை நினைத்து எனக்கு இருந்த பெருமைக்கு அளவே இல்லை. ஊரில் வேறு யாருடைய அப்பா இப்படிச் சொல்வார்?

மறுநாள் காலையில் அம்மா ஒரு மூட்டையைக் கட்டிக்கொண்டு தன் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினாள். நானும் வருகிறேன் என்று அவள் சேலையைப் பிடித்துக்கொண்டேன். “நீ இரு. உங்கப்பா யாராண்ட பேசுவாரு?” என்று என் விரல்களைப் பிரித்து விட்டாள். அப்பா அவளைத் தடுக்கவில்லை. கோபித்துக்கொண்டு போகிற பெண்டாட்டிக்கு வண்டி பிடித்துக் கொடுத்தார். வண்டியில் வைக்கோலை நிறையப் பரப்பி, மேலே கோணியை மடித்துப் போட்டு, அதைக் கையால் அழுத்திப் பார்த்தார். அம்மா அதையெல்லாம் பார்த்துவிட்டு, கோணியை ஒரு பக்கம் தள்ளிவிட்டு வெறும் பலகையில் உட்கார்ந்தாள்.

இனி அம்மா வரமாட்டாள் என்று அத்தை தெருவில் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குத் தூக்கம் வரவில்லை, சோறு இறங்கவில்லை. அப்பா வழக்கம்போல எழுந்தார், வழக்கம்போல ஆலைக்குப் போனார். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ உச்சிவேளையில் கஞ்சிச் சட்டியை எடுத்துக்கொண்டு நான் கொல்லைக்குப் போனேன். ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அப்பாவைக் காணவில்லை. சக்கைப் போருக்குப் பின்பக்கம் போய்ப் பார்த்தேன்.

அப்பா தரையில் உட்கார்ந்திருந்தார். கரும்புக் கட்டிலிருந்து அவிழ்த்த அந்தக் கயிறு அவர் மடியில் இருந்தது. துண்டை வாயில் அடைத்துக்கொண்டிருந்தார். தோள் இரண்டும் குலுங்கின. துண்டையும் மீறி “தம்பி, தம்பி” என்று சத்தம் வந்தது. அப்படிப்பட்ட சத்தத்தை நான் கேட்டதே இல்லை. பயத்தில் சட்டியிலிருந்த கஞ்சி என் காலில் கொட்டியது. அப்பா தலையைத் தூக்கினார். என்னை நன்றாகப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன்.

“சக்கத் தூசி கண்ணுல வுழுந்துடுச்சிம்மா” என்றார்.

எங்கள் தெருவில் ஒருவர் இருந்தார். உழவு மாடு செத்த அன்றைக்கு வாய்விட்டு அழுதவர். அதிலிருந்து அவருக்குப் பேரே போய்விட்டது. பெரியவர்கள் முதல் எங்களைப் போன்ற வாண்டுகள் வரை எல்லோருக்கும் அவர் அழுமூஞ்சிதான். என் அப்பாவுக்கு அந்தக் கதி வரக்கூடாது என்று திரும்பி நடக்கும்போதே முடிவு செய்துவிட்டேன். பார்த்ததை அத்தையிடம்கூட மூச்சு விடவில்லை.

மறுநாள் அப்பா ஒரு வண்டியை ஏற்பாடு செய்து, என்னைக் கரையாம்புத்தூருக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். தான் போய்ப் பேசுகிறேன் என்று அத்தை எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். “வேணாம். கொழந்தயே போவட்டும்” என்றார் அப்பா.

“இன்னா சொல்லணும்ப்பா?” என்று கேட்டேன். ஐந்து வயதிலிருந்து சேதி சுமப்பவள், சேதி இல்லாமல் எப்படிப் போவது?

அப்பா நுகத்தடிக் கயிற்றை அவிழ்த்தார், மறுபடி கட்டினார், மறுபடி அவிழ்த்தார். “உனுக்குத் தெரிஞ்சத சொல்லும்மா” என்றார். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

வழி நெடுக யோசித்துக்கொண்டே போனேன். நடுவில் கொஞ்ச தூரம் இங்கிலீஷ்காரன் எல்லை. அங்கே சுங்கச் சாவடிக்காரர் வண்டியை நிறுத்தி வைக்கோலைக் கிளறிப் பார்த்தார். “இன்னா எடுத்துக்கினு போற?” என்று என்னை அதட்டினார். ஒன்றுமில்லை என்றேன். எப்படியாவது அம்மாவை இதே வண்டியில் திருப்பி அழைத்து வந்துவிட வேண்டும், அதற்கு எந்தச் சேதி சரியாக இருக்கும் என்பதிலேயே என் புத்தி இருந்தது. வெல்லத்தைத் தீய விட்டதால் அப்பா கோபமாக இருப்பார் என்று பயந்துதான் அம்மா வராமல் இருக்கிறாள். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

மாமா வீட்டு வாசலில் வண்டிச் சத்தம் கேட்டதும் அம்மா ஓடிவந்தாள். வண்டிக்குள் பார்த்தாள். பிறகு வண்டிக்குப் பின்னாலும் பார்த்தாள். அப்புறம்தான் என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள், எட்டு வயதுக் கழுதையை. உள்ளே போய் எனக்குச் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். முகம் வற்றிப்போயிருந்தது.

“உங்கப்பா இன்னா சொன்னாரு?”

நான் தயாரித்து வைத்திருந்த நல்ல சேதியை எடுத்து விட்டேன். “அப்பாவுக்குக் கோவமே இல்லம்மா” என்றேன். “வெல்லம் போனதுக்குக்கூட ஒண்ணும் சொல்லல. அத்த சோறு ஆக்குது, நல்லா சாப்புடறாரு. நல்லா தூங்குறாரு. எப்பவும் போலத்தான் கீறாரு.”

“எப்பவும் போலவா?”

“ஆமாம்மா. நீ பயப்படாத.”

அம்மா தலையைக் குனிந்துகொண்டு தரையைக் கீறினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். அவ்வளவு மெதுவாக அவளுக்குப் பேச வரும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. “தம்பியப் பத்தி ஏதுனா பேசினாரா? என்னிக்காவது?”

என் வாய்வரை வந்துவிட்டது. சக்கைப் போர், கயிறு, துண்டு எல்லாம் கண்முன்னே வந்து நின்றன. பக்கத்தில் மாமா உட்கார்ந்திருந்தார். அத்தையைவிட ஊர் சுற்றும் வாய் அவருடையது. “இல்ல” என்றேன். அவள் மறுபடி கேட்டாள். “ஒரு நாள் கூடவா?” “இல்லவே இல்ல” என்றேன். மூன்றாவது தடவையும் கேட்டாள், மூன்றாவது தடவையும் சொன்னேன்.

என் பின்னலை அவிழ்த்து, சிக்கெடுத்து, இறுக்கிப் பின்னிவிட்டாள். அழவில்லை, திட்டவில்லை. சாயங்காலத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்று என்னை வண்டியில் ஏற்றிவிட்டாள். நீ வரலியா என்று கேட்டேன். “அங்க எல்லாம் நல்லாத்தான கீது” என்றாள்.

அப்பா ஊர் எல்லையிலேயே நின்றுகொண்டிருந்தார். வண்டிக்குள் பார்த்தார். நான் இறங்கியபிறகும் உள்ளே பார்த்தார்.

“அம்மாகிட்ட இன்னா சொன்ன?”

“நீ கோவமே படலன்னு சொன்னேன். நல்லா சாப்புடற, நல்லா தூங்குறன்னு சொன்னேன்.”

“வேற?”

“வேற எதுவுமே சொல்லலப்பா” என்றேன். “அம்மா மூணு வாட்டி கேட்டுது. நான் சொல்லவே இல்ல.”

அப்பா மாட்டின் கழுத்தைத் தடவிக்கொடுத்தார். பிறகு என் தலையைத் தடவினார். “சரிம்மா” என்றார். சபாஷ் என்று அதற்கு அர்த்தம் பண்ணிக்கொண்டேன்.

அத்தையை அனுப்பியிருக்கலாம், ஊர்ப் பெரியவர்களை அனுப்பியிருக்கலாம், தானே போயிருக்கலாம். அவர் என்னைத்தான் அனுப்பினார். அவர் அழுததைக் கண்ணால் பார்த்த ஒரே ஆள் நான். தன் வாயால் சொல்ல வராததைச் சொல்லத்தான் அந்த மனிதர் என்னை வண்டியில் ஏற்றினார். எனக்குக் கல்யாணமாகி, நானும் ஒருவரோடு பேசாமல் பல நாள் இருந்து பார்த்தபிறகு, ஒருநாள் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருக்கும்போது இது புரிந்தது. சோப்பைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவருக்குக் கோபம் வராமல் இல்லை, துக்கம் வராமல் இல்லை. மடையை அடைத்தால் இந்தத் தண்ணீர் போகட்டும் அந்தத் தண்ணீர் நிற்கட்டும் என்று பிரிக்க முடியுமா? கோபத்தை அடைக்கப்போய் அவர் எல்லாவற்றையும் அடைத்துவிட்டார். அம்மா உடைத்துப் பார்க்க ஒரு கொப்பரை வெல்லத்தையே எரித்தாள். உடைந்தபோது அவள் அங்கே இல்லை. பார்த்தவள் நான், நானும் சொல்லவில்லை. புரிந்தபோது அப்பா இல்லை, அம்மாவும் இல்லை.

ஆனி மாதம் மாமா அம்மாவைக் கொண்டுவந்து விட்டுப் போனார். அதற்குப் பிறகு அம்மா குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அப்பா எவ்வளவு பேசினாரோ அவ்வளவே அவளும் பேசினாள். வேலையெல்லாம் வேளைக்கு நடந்தது. இப்போதுதான் அடங்கியிருக்கிறாள் என்று அத்தைக்குத் திருப்தி. முப்பத்தைந்து வருஷம் அப்படியே இருந்தார்கள். முகம் சுளித்துக்கூடப் பார்க்காத ஜோடி என்று கல்யாண வீடுகளில் மணமக்களை அவர்கள் காலில் விழச் சொன்னார்கள்.

அம்மா வந்த அன்றைக்கு வீடு அத்தனை அமைதியாக இருந்தது. சண்டை தீர்ந்து எங்கள் குடும்பம் ஒருவழியாக நல்லபடி ஆகிவிட்டது என்று நினைத்தேன். அதில் என் பங்கும் இருக்கிறது என்று எனக்குப் பெருமையாக இருந்தது.